ரூபாவுக்கு வந்த ராஜகளை

யுத்தத்தில் வென்றவர்களுக்கு ஒரு வியாதி வரும். சிலை வைப்பது, வீதிக்குப் பெயர் மாற்றுவது, அணிவகுப்பு நடத்துவது எல்லாம் அதன் முதல் கட்டம். அந்தச் செலவோடு போய்விட்டால் புண்ணியம். இரண்டாம் கட்டம்தான் ஆபத்து. ஐயாவுக்கு நாணயமாற்று விகிதத்தின் மேல் காதல் வந்துவிடும். "எங்கள் காசு இவ்வளவு பெறும், ஒரு சதம் இறங்க விடமாட்டேன்" என்று ஒரு எண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. வேலை போவது சனத்துக்கு.

இந்தக் காதலில் விழுந்தவர்கள் சாதாரண ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாமவர் சேர் ஹென்றி பாபிங்டன் ஸ்மித். இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபுவுக்குக் காரியதரிசியாக இருந்து, பிரபுவின் மகளையே கலியாணம் கட்டியவர். அப்படிப்பட்ட கெட்டிக்காரரிடம் 1919ல், முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, லண்டன் ஒரு வேலையை ஒப்படைத்தது. ரூபாவின் விலை என்ன என்று சொல்ல வேண்டும். ரூபாவைச் சம்பளமாக வாங்கிப் பழகியவர் அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

யுத்தத்துக்கு முன் ரூபா 1 ஷிலிங் 4 பென்ஸ். அதாவது ஒரு பவுணுக்கு 15 ரூபா. வருசக்கணக்காய் அசையாமல் கிடந்த கணக்கு. ஆனால் ரூபா என்பது அப்போது உண்மையான வெள்ளி. யுத்த காலத்தில் வெள்ளி விலை ஏற ஏற, ரூபாவைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்று ஆனது. டெல்லியில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கா தன் வெள்ளி டொலர்களை உருக்கி, 20 கோடி அவுன்ஸ் அளவில் இந்தியாவுக்கு விற்றது. ஒரு நாட்டின் காசைக் காப்பாற்ற இன்னொரு நாட்டின் காசு அடுப்பில் ஏறிய காலம் அது.

ரூபா உருகாமல் இருக்க ஒரே வழி, அதன் விலையையும் கூட்டுவது. கூட்டினார்கள். 1 ஷிலிங் 5 பென்ஸ், 1 ஷிலிங் 6 பென்ஸ் என்று தொடங்கி, 1919 முடிவில் 2 ஷிலிங் 4 பென்ஸ் வரை வந்துவிட்டது. இதுவரைக்கும் சரி. வெள்ளம் வந்தால் கதிரையை மேசைமேல் தூக்கி வைப்போமே, அதுபோல. சேர் ஹென்றியின் குழு என்ன செய்தது என்றால், வெள்ளம் இனி வடியவே வடியாது என்று முடிவெடுத்து, கதிரையை மேசையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டது. ரூபாவின் நிரந்தர விலை, தங்கக் கணக்கில் 2 ஷிலிங்!

குழுவில் இருந்த ஒரே இந்தியர் தாதிபா மெர்வான்ஜி தலால். பம்பாய்க்காரர். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து மறுப்பு எழுதினார். பழைய 1 ஷிலிங் 4 பென்ஸிலேயே விடுங்கள் என்றார். மற்றவர்கள் அதை மரியாதையாக அறிக்கையின் பின்னால் கட்டி, இன்னும் மரியாதையாக மறந்துவிட்டார்கள். இன்றைய வாட்ஸ்அப் குரூப்பில் சரியான கருத்தைச் சொன்னவருக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்களே, அதே பண்பாடு.

அறிக்கை 1920 பெப்ரவரியில் வெளிவந்தது. வெள்ளி விலை உச்சத்தைத் தொட்டதும் அதே பெப்ரவரியில்தான். அடுத்த மாசமே சரியத் தொடங்கியது. இப்படி நேரம் பார்த்து ஆணி அடிக்க ஒரு தனி ராசி வேண்டும்.

சரி, ரூபா பலமானால் நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றும். வெளிநாட்டுச் சாமான் மலிவு, பெருமையும் மிச்சம். ஆனால் கொழும்பு கோட்டையில் உட்கார்ந்திருந்த தேயிலைக்காரத் துரையின் கணக்கைப் பாருங்கள். இலங்கை ரூபா அப்போது இந்திய ரூபாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போன ரூபா. டெல்லிக்குத் தும்மல் வந்தால் களனிக் கங்கை ஓரத்திலும் மூக்கு ஒழுகும். துரை லண்டனில் 100 பவுணுக்குத் தேயிலை விற்றால் முன்பு கைக்கு வந்தது 1,500 ரூபா. புது விலையில் வருவது 1,000 ரூபா. தோட்டத்தில் கூலி ரூபாவில். அரிசி ரூபாவில். கங்காணியின் கொமிஷனும் ரூபாவில். ஒரு கிலோ கொழுந்துகூடக் குறையவில்லை, மழை பிழைக்கவில்லை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். களவு கொடுத்தவருக்குக் களவு போனதே விளங்காத களவு.

விற்கிறவன் கை சுருங்கினால் வாங்குகிறவன் சும்மா இருப்பானா? பம்பாயிலும் டெல்லியிலும் துணி வியாபாரிகள் மான்செஸ்டருக்குக் கப்பல் கப்பலாக ஓடர் கொடுத்தார்கள். பவுண் 10 ரூபாதானே! அரசாங்கமும் விடவில்லை. யாரிடமாவது ரூபா இருந்து லண்டனுக்கு அனுப்ப வேண்டுமென்றால், தானே மலிவு விலையில் பவுண் விற்றது. பவுணுக்கு 15 ரூபா கணக்கில் லண்டனில் சேர்த்து வைத்ததை 10 ரூபாவுக்கும், சில வாரங்களில் அதற்கும் குறைவாகவும் அள்ளிக் கொடுத்தது. யுத்தத்தில் சம்பாதித்தவர்களும், சேமிப்பை ஊருக்கு அனுப்பத் துடித்த வெள்ளைக்கார அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். சேலைக்கடைக் கழிவு விற்பனைக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் வந்திராது. 1920 செப்டெம்பருக்குள் ஐந்தரைக் கோடி பவுண் போய்விட்டது. அதற்குப் பிறகு கடையை மூடினார்கள்.

மூடியதும் ரூபா தொப்பென்று விழுந்தது. 1921ல் பழைய 1 ஷிலிங் 4 பென்ஸுக்கும் கீழே. இப்போது மான்செஸ்டர் துணி துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. 10 ரூபா என்று நினைத்து ஓடர் கொடுத்த பவுணுக்கு 15 ரூபாவுக்கு மேல் கட்ட வேண்டும். வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூட்டம் போட்டு, 2 ஷிலிங் விலைக்குக் குறைந்தால் பில் கட்டமாட்டோம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அரசாங்கம் சொன்ன விலையை நாட்டில் கடைசிவரை நம்பியவர்கள், கடன் கட்ட முடியாதவர்கள்தான்.

சட்டப் புத்தகம் இன்னும் மோசம். 10 ரூபாவுக்கு ஒரு தங்கப் பவுண் என்று 1920ல் போட்ட சட்டத்தை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. 1927 வரை அது புத்தகத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது. அந்த ஏழு வருசத்தில் அந்த விலைக்கு ஒரு தங்கப் பவுண் கொடுக்க ஒரு பைத்தியக்காரன் முன்வந்திருந்தால் அவனுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது.

நியாயமாகச் சொன்னால், எல்லாப் பாவத்தையும் சேர் ஹென்றியின் தலையில் கட்ட முடியாது. அதே 1920ல் லண்டனில் இங்கிலாந்து வங்கி வட்டியை 7 வீதமாக்கியது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயோர்க் கிளையும் 7 வீதம். யுத்தத்தில் ஏறிய விலைவாசியை அடக்க வேண்டும் என்பது நோக்கம். அடங்கியது. கூடவே எல்லாம் அடங்கியது. அமெரிக்காவில் மொத்த விலைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தன. பிரிட்டனில் 1921ல் வேலையில்லாதவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். கார் வாங்க ஆளில்லை, டயர் வாங்க ஆளில்லை, ஆகவே எங்கள் றப்பரை வாங்க ஆளில்லை. களுத்துறைப் பக்கத்து மரத்தில் பால் வடிவதைக் குறைக்க 1922ல் லண்டனிலிருந்து ஒரு திட்டம் போட வேண்டி வந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஒரு யுத்த வீரர் நண்பரோடு சேர்ந்து தொப்பி, டை விற்கும் கடை போட்டிருந்தார். இந்த மந்தத்தில் கடை படுத்தது, கடன் வருசக்கணக்காய்த் துரத்தியது. வேறு தொழில் பார்ப்போம் என்று அரசியலுக்குப் போனார். பெயர் ஹரி ட்ரூமன். வட்டி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அமெரிக்கா ஒரு ஜனாதிபதியை இழந்து ஒரு தொப்பிக் கடையைப் பெற்றிருக்கும்.

இந்தக் காதலில் விழுந்த அடுத்தவர் இங்கிலாந்து வங்கியின் அப்போதைய ஆளுநர் மொன்டேகு நோர்மன். கூர்த் தாடி, மேலங்கி, மர்மப் புன்னகை. கப்பலில் போகும்போது பத்திரிகைக்காரருக்குத் தெரியக்கூடாது என்று "பேராசிரியர் ஸ்கின்னர்" என்ற கள்ளப் பெயரில் போவார். அந்த மேலங்கியோடும் தாடியோடும் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று அவர் நம்பியதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பொருளாதாரத்தைப் பற்றியும் அவர் அப்படித்தான் நம்பினார். யுத்தத்துக்கு முந்தைய விலையான 4.86 டொலருக்குப் பவுணைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஜபமாலை.

அந்த மாலையை 1925ல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் வின்ஸ்டன் சேர்ச்சில். நிதியமைச்சர். இதே பதவியில் அப்பா போட்ட அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு, தாத்தா காலத்துப் பவுண் விலை பொருந்தாமல் போகுமா? அங்கி பொருந்தியது. விலை பொருந்தவில்லை. பவுண் ஏறக்குறைய 10 வீதம் அதிக விலையில் நிற்கிறது என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் தலையிலடித்துக்கொண்டார். பிரிட்டிஷ் நிலக்கரியை வெளிநாட்டான் வாங்கவில்லை, முதலாளிகள் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், 1926ல் நாடே வேலைநிறுத்தத்தில் நின்றது. 1931 செப்டெம்பரில் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டபோது நோர்மன் கப்பலில். "கிழவி திங்கட்கிழமை புறப்படுகிறாள்" என்று தந்தி போனதாம். கிழவி என்றால் அவருடைய வங்கியின் செல்லப்பெயர். மனிதர், அம்மா விடுமுறைக்குப் போகிறா என்று நினைத்துக்கொண்டாராம். கதையாகவே இருக்கட்டும், அவருக்குப் பொருந்துகிறது.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்த பிறகாவது நாங்கள் ஒதுங்கி நின்றோமா? சுதந்திரம் கிடைத்ததும் கேட்ட முதல் விளையாட்டுச் சாமான்களில் ஒன்று மத்திய வங்கி. அதுவரை இருந்த நாணயச் சபை ஒரு சப்பென்ற ஏற்பாடு. கையில் வெளிநாட்டுக் கையிருப்பு இருந்தால்தான் நோட்டு. நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்தன அமெரிக்காவிலிருந்து ஜோன் எக்ஸ்டர் என்பவரை அழைத்து வந்தார். அவர் திட்டம் போட்டார், 1950 ஓகஸ்ட் 28ல் வங்கி திறந்தது, அவரே முதல் ஆளுநர். வேலை முடிந்து ஊருக்குப் போன எக்ஸ்டர் பின்னாளில் எதற்குப் பேர்போனார் தெரியுமா? கடதாசிக் காசெல்லாம் ஒருநாள் கவிழும், கடைசியில் நிற்பது தங்கம் மட்டுமே என்று ஊர் ஊராய்ச் சொன்னதற்கு. எங்களுக்கு அச்சு யந்திரத்தைப் பூட்டித் தந்துவிட்டு, தான் தங்கம் வாங்கச் சொன்ன மனிதர்!

இனி நம் யுத்தம். 2009 மேயில் முடிந்தது. ஜூலையில் சர்வதேச நாணய நிதியம் 2.6 பில்லியன் டொலர் கடனுக்குச் சம்மதித்தது. வளர்ச்சி 8 வீதம் என்றார்கள். "ஆசியாவின் ஆச்சரியம்" என்றார்கள். மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ரால், உற்சாகத்துக்குக் குறைவே இல்லாத மனிதர். அவரைப் பார்த்தால் நாட்டின் கையிருப்பே சிரிப்பதுபோல் இருக்கும். அவருடைய எண் 110. டொலருக்கு 110 ரூபா, அசையாது.

அசையாத விலைக்கு டொலர் கிடைத்தால் யார் விடுவார்கள்? வாகன வரியை ஏற்கெனவே குறைத்திருந்தார்கள். வங்கிகள் தனியாருக்குக் கொடுத்த கடன் 2011ல் 34 வீதம் கூடியது. இறக்குமதிச் செலவு ஒரே வருசத்தில் பாதிக்கு மேல் கூடியது. காலி வீதியைக் குறுக்கே கடக்க வெள்ளவத்தைச் சனம் நேர்த்தி வைக்கத் தொடங்கிய காலம் அதுதான். ஒவ்வொரு காருக்கும் டொலர் போகிறது. 110ஐக் காக்க மத்திய வங்கி கையிருப்பிலிருந்து எடுத்து விற்கிறது. 8 பில்லியனுக்கு மேல் இருந்தது சில மாசத்தில் 6 அளவுக்கு வந்தது. 1920ல் லண்டன் காசை அள்ளிக் கொடுத்த அதே கடை, புதுப் பெயர்ப்பலகையோடு.

அந்தச் சமயத்தில் ஆளுநர் எங்கே? 2011 நவம்பரில் கரீபியனில், சென். கிட்ஸ் தீவில். 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியை ஹம்பாந்தோட்டைக்குக் கேட்கப் போன குழுவின் இணைத்தலைவர் அவர். 43க்கு 27 வாக்கில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் வென்றது. பத்து நாள் கழித்து, வரவுசெலவுத் திட்டத்தை வாசித்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச, ரூபாவை 3 வீதம் குறைப்பதாக அறிவித்தார். காசின் விலையைத் தீர்மானிக்கிறவர் விளையாட்டுப் போட்டிக்குப் போனால், காசின் விலையை வேறு யாராவது தீர்மானிக்கத்தானே வேண்டும்?

3 வீதம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2012 தொடக்கத்தில் கையை விட்டார்கள். ரூபா 130ஐத் தாண்டியது. வட்டி ஏறியது. இந்த வருசம் 18 வீதத்துக்கு மேல் கடன் கூட்டாதே என்று வங்கிகளுக்கு உத்தரவு. எரிபொருள் விலை ஏறி, சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2013 வளர்ச்சி ஏழு வீதத்துக்கு மேல் என்று அறிவிப்பு வந்தது. ஆட்சி மாறியபின் புது அடிப்படை வருசத்தில் கணக்குப் பார்த்தால் 3.4. அந்த வருசத்து அதிசய வளர்ச்சியின் பாதி, கால்குலேட்டரிலேயே இருந்திருக்கிறது.

இதிலே சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் உண்டு. யுத்தம் முடிந்ததும் வடக்குக்கும் கிழக்குக்கும் முதலில் ஓடியவை தொழிற்சாலைகள் இல்லை. லீசிங் கம்பனிகள், அடகுப் பிரிவுகள், நுண்கடன் கம்பனிகள். தங்கம் ஏறிக்கொண்டிருந்ததால் சங்கிலிக்கு வங்கி தாராளமாய்க் கடன் கொடுத்தது. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சரிய, மீட்பதைவிட விடுவது லாபம் என்று பலர் விட்டுவிட்டார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகம் இதைச் சொத்துவிலைத் திருத்தம் என்கிறது; வீட்டில் அதற்குப் பெயர் அம்மாவின் தாலிக்கொடி. நுண்கடனோ கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கேட்டுப் படலையில் வந்து நின்றது. 2018ல் மத்திய வங்கி அதற்கு உச்ச வட்டி விதித்தபோது அந்த உச்சமே 35 வீதம்.

பிறகு வந்தது இரண்டாம் காதல். யுத்தத்தை நடத்திய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச 2019ல் ஜனாதிபதி. வந்ததும் வற் வரியை 15லிருந்து 8 ஆக்கினார். கொரோனா வந்தது. 2020 ஜூன் 16ல் மத்திய வங்கி அதிகாரிகளைக் கூப்பிட்டு, கமெரா பார்க்க ஏசினார். அன்றைக்கே வங்கிகளின் கட்டாய ஒதுக்கு 2 வீதமாகக் குறைக்கப்பட்டது. பொருளாதாரத்தில் இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், ஆனால் பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் ஏச்சு வாங்கிய எவருக்கும் காரணம் விளங்கும்.

வரி வராத அரசாங்கத்துக்கு மத்திய வங்கி காசு அச்சடித்துக் கொடுத்தது. ரூபா பெருகியது, டொலர் பெருகவில்லை. 2021 செப்டெம்பரில் கப்ரால் திரும்பவும் ஆளுநராக வந்தார். இம்முறை எண் 203.

203ஐ நம்பியது வங்கிக் கவுண்டரில் இருந்த போர்டு மட்டும்தான். கனடாவில் மகன் இருக்கிற வெள்ளவத்தை அம்மாவுக்கு, வங்கிக்கு வெளியே காசு மாற்றித் தரும் உண்டியல்காரர் 240, 250 என்று வீட்டு வாசலிலேயே தந்தார். மத்திய வங்கி, வங்கிமூலம் அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகம் என்று ஆசை காட்டியது. அம்மாவுக்கு 213க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். 2020ல் 7 பில்லியனுக்கு மேல் வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2021ல் ஐந்தரை பில்லியன் ஆனது. நாடே சத்தமில்லாமல் ஒரு மாற்று மத்திய வங்கி நடத்தியது, அதுவும் நஷ்டமில்லாமல்.

துறைமுகத்தில் பால்மாவும் பருப்பும் கொள்கலன்களில் சிக்கிக் கிடந்தன. எடுக்க டொலர் இல்லை. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது, வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லை. காசு அச்சடிப்பதில் சாதனை படைத்த நாடு, கணக்குப் பாடத்துக்கு அச்சடிக்க முடியாமல் நின்றது.

மார்ச் 7ல் கை விட்டார்கள். விட்டபோதும் பெருமை விடவில்லை: 230க்கு மேல் போகக்கூடாது என்று ரூபாவுக்கு அறிவுரை சொல்லித்தான் அனுப்பினார்கள். மே மாசம் அது 360ல் நின்றது. ஏப்ரலில் புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க கதிரையில் உட்கார்ந்த மறுநாளே வட்டியை 7 புள்ளி ஒரேயடியாகத் தூக்கினார். இரண்டு வருசம் கொடுக்காத மருந்தை ஒரே நாளில் கொடுத்ததில் நோயாளி எழும்பினார், ஆனால் வீட்டுக் கடன் வாங்கியவரும் பேக்கரி நடத்தியவரும் படுத்தார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருசம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது.

வழக்குப் போட்டார்கள். மனுதாரர்களில் ஒருவர் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங். மிதப்பதற்கும் தாழ்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2023 நவம்பர் 14ல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், ராஜபக்ச சகோதரர்கள், கப்ரால், அவருக்கு முந்திய ஆளுநர் லக்ஷ்மன் உட்பட்டோர் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. மனுதாரர்களுக்குத் தலா 1,50,000 ரூபா வழக்குச் செலவு. 203 ரூபாக் கணக்கில் அது 739 டொலர். தீர்ப்பு வந்த நாளில் ஏறக்குறைய 460.